கடிதத்தில் கை நாடி: நோயைச் சொல்லத் தெரிந்தவர்களின் கதை



கிளினிக்கில் வழக்கமாக என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். விடியற்காலையில் பஸ் பிடித்துப் போகிறோம். நம்பர் எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் காத்துக் கிடக்கிறோம். உள்ளே போனதும் டாக்டர், "என்ன செய்யுது?" என்று கேட்கிறார்.

"ஒடம்பு சரியில்லீங்க."

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளாத்தாங்க."

"வலி எங்கே?"

"இங்கதாங்க... எல்லா எடத்துலயும்."

ஐந்து நிமிடத்தில் மாத்திரைப் பொட்டலத்தோடு வெளியே வந்துவிடுகிறோம். வீட்டுக்கு வந்து சோற்றுப் பானையை இறக்கும்போதுதான், "அடடா, ராத்திரியில படுத்தா மூச்சு முட்டுதே, அதைச் சொல்ல மறந்துட்டேனே!" என்று நினைவு வருகிறது. டாக்டருக்கு மிகவும் தேவையாக இருந்த செய்தி அதுதான். அது நம் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது.

நோயைச் சொல்வதும் ஒரு வேலைதான். அதைப் பழகிக்கொள்ள வேண்டும். சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில், டாக்டரின் முகத்தைக்கூடப் பார்க்காமல், கடிதம் எழுதியே வைத்தியம் கேட்டவர்கள் ஏராளம். அவர்கள் இந்த வேலையை எப்படிச் செய்தார்கள், அதில் என்ன நன்மை, என்ன ஆபத்து என்பதை இந்த மாதம் தெரிந்துகொள்வோம்.

எடின்பரோவில் ஒரு டாக்டர்

ஸ்காட்லாந்தின் தலைநகரம் எடின்பரோ. அங்கே வில்லியம் கல்லன் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1710ஆம் ஆண்டு பிறந்து 1790ஆம் ஆண்டு காலமானவர். பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர். அவரிடம் படிக்க வெளிநாடுகளிலிருந்தும் மாணவர்கள் கப்பலேறி வந்தார்கள்.

அந்தக் காலத்தில் ரயில் கிடையாது, மோட்டார் வண்டி கிடையாது. நோயாளி ஒருவர் மலைநாட்டுக் கிராமத்திலிருந்து எடின்பரோவுக்கு வர வேண்டுமானால் குதிரை வண்டியில் பல நாள் குலுங்கி வர வேண்டும். நல்ல உடம்பே நோயில் விழுந்துவிடும் பயணம் அது. ஆகவே நோயாளி வீட்டிலேயே இருந்தார். அவருடைய கடிதம் பயணம் போனது.

கல்லனுக்கு ஸ்காட்லாந்து, இங்கிலாந்து மட்டுமல்லாமல் கடல் கடந்த ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. நோயாளியே எழுதுவார். அல்லது கணவர் மனைவிக்காக எழுதுவார். தாய் பிள்ளைக்காக எழுதுவாள். பல நேரங்களில் அந்த ஊர் வைத்தியரே, "என் நோயாளிக்கு இப்படி இப்படி இருக்கிறது, இன்ன மருந்து கொடுத்தேன், குணமில்லை, தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதுவார். இன்று கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நம் கையில் ஒரு கடிதம் கொடுக்கிறார்களே, அதற்கு இவையும் ஒரு முன்னோடி என்று சொல்லலாம்.

கல்லன் ஒரு நல்ல பழக்கம் வைத்திருந்தார். வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தினார். தாம் எழுதிய பதிலுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்தார். முதலில் எழுத்தர் கையால் நகல் எழுதினார். நீராவி இயந்திரத்தில் பேர் பெற்ற ஜேம்ஸ் வாட் 1780ஆம் ஆண்டு ஒரு நகல் எடுக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தனி மையால் எழுதிய கடிதத்தின்மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் எழுத்து அதில் ஒட்டிக்கொள்ளும். மறு பக்கத்திலிருந்து படித்துக்கொள்ளலாம். 1781 முதல் கல்லன் இந்தக் கருவியைப் பயன்படுத்தினார். அதனால் ஆயிரக்கணக்கான கடிதங்கள் அழியாமல் தப்பின. எடின்பரோ மருத்துவர் கல்லூரியில் அவை இன்றும் இருக்கின்றன.

பார்க்காமல் எப்படி வைத்தியம்?

"தொட்டுப் பார்க்காம எப்படிங்க வைத்தியம் பண்ணுவாங்க?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நியாயமான கேள்விதான்.

அன்றைய டாக்டரிடம் என்ன கருவி இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். நெஞ்சில் வைத்துக் கேட்கும் ஸ்டெதஸ்கோப்பை பிரான்ஸ் நாட்டு டாக்டர் லேனெக் 1816ஆம் ஆண்டுதான் கண்டுபிடித்தார். எக்ஸ்ரே வந்தது 1895இல். கையில் பட்டி கட்டிப் பிரஷர் பார்க்கும் கருவி 1896இல் வந்தது. இவை எதுவும் கல்லன் காலத்தில் இல்லை. நேரில் போனாலும் டாக்டர் நாடி பிடிப்பார், நாக்கைப் பார்ப்பார், சிறுநீரைப் பார்ப்பார். மற்றபடி நோயாளி சொல்வதை உட்கார்ந்து கேட்பார். நோயாளியின் வாய்ச்சொல்தான் அவருக்குக் கண், காது எல்லாம். அந்த வாய்ச்சொல்லைத் தாளில் எழுதி அனுப்பினால் பாதிக்குமேல் வேலை முடிந்த மாதிரி. அதனால்தான் கடித வைத்தியம் அன்று யாருக்கும் விந்தையாகத் தோன்றவில்லை.

கல்லன் எழுதும் பதிலில் மருந்து மட்டும் இருக்காது. நோய் இன்னது என்று தாம் நினைப்பதைச் சொல்வார். பிறகு என்ன சாப்பிடுவது, எதைத் தவிர்ப்பது, எவ்வளவு நேரம் நடப்பது, குதிரை ஏறுவது, குளிருக்கு என்ன உடுத்துவது, எப்போது தூங்குவது என்று வரிசையாக எழுதுவார். மருந்துச் சீட்டும் சேர்ந்து போகும். நோயாளி அதைத் தன் ஊர் மருந்துக்கடையில் கொடுத்து மருந்து கலந்து வாங்கிக்கொள்வார். மீண்டும் எழுதுவார்: "இது குறைந்தது, அது குறையவில்லை." சில குடும்பங்களோடு இந்தப் போக்குவரத்து ஆண்டுக் கணக்கில் நடந்தது.

ஏழைக்கு எட்டியதா?

இதைக் கேட்காமல் விட முடியாது. டாக்டருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தபாலும் மலிவாக இல்லை. பிரிட்டனில் 1840ஆம் ஆண்டுதான் ஒரே சீரான ஒரு பென்னித் தபால் வந்தது. அதற்கு முன் எத்தனை தாள், எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்த்துக் காசு வாங்கினார்கள். அதையும் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவரே கொடுக்க வேண்டும். ஆகவே கடித வைத்தியம் பெரும்பாலும் வசதி உள்ளவர்களின் வைத்தியமாகவே இருந்தது. கூலிக்கு மாரடித்தவனுக்காக முதலாளியோ பாதிரியாரோ மனம் வைத்து எழுதினால்தான் உண்டு.

இந்தக் குறையைப் பார்த்து மனம் வருந்திய டாக்டர் ஒருவர் சுவிட்சர்லாந்தில் இருந்தார். சாமுவேல் ஒகூஸ்த் திஸ்ஸோ என்பது அவர் பெயர். 1728இல் பிறந்து 1797இல் காலமானவர். லோசான் நகரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் பொறுப்பில் இருந்தவர். கிராமத்து உழவர்கள் நோயால் மட்டும் சாகவில்லை, தவறான வைத்தியத்தாலும் சாகிறார்கள் என்பதை அவர் கண்ணால் கண்டார்.

காய்ச்சல் கண்டவனை ஜன்னல் எல்லாம் அடைத்த அறையில் போட்டு, கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்தி, சூடான பானமும் மதுவும் கொடுத்து வியர்க்க வைப்பார்கள். சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவார்கள். "இது நோயாளியைக் கொல்லும் வழி" என்று திஸ்ஸோ கண்டித்தார். நல்ல காற்று விடுங்கள், நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்றார். ஊர் ஊராக வந்து மருந்து விற்கும் போலி வைத்தியர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

1761ஆம் ஆண்டு, மக்கள் தங்கள் உடல்நலம் பற்றி அறிந்துகொள்ள ஒரு புத்தகம் எழுதினார். உழவனுக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஊரில் படித்தவர்கள், அதாவது பாதிரியார், பள்ளி வாத்தியார், நிலக்கிழார், மருத்துவச்சி ஆகியோர் படித்து மற்றவர்களுக்கு உதவ வேண்டும் என்று எழுதினார். அந்தப் புத்தகம் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அதன் பிறகு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் அவருக்குக் கடிதங்கள் வந்தன. அவற்றில் 1,200க்கும் மேற்பட்டவை லோசான் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. நேரில் சொல்ல வெட்கப்படும் அந்தரங்க நோய்களை, பெயரைக்கூடப் போடாமல் எழுதியவர்களும் உண்டு.

திஸ்ஸோ கேட்ட கேள்விகள்

அந்தப் புத்தகத்தில் நமக்கு மிகவும் பயன்படும் பகுதி ஒன்று உண்டு. டாக்டரிடம் ஆலோசனை கேட்குமுன் நோயாளியோ, அவருக்காகப் போகிறவரோ எந்தெந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று அவர் ஒரு பட்டியலே போட்டுக் கொடுத்தார். அதன் சாரம் இது:

வயது என்ன? இதற்கு முன் நல்ல உடம்பா? என்ன வேலை, எப்படிப்பட்ட வாழ்க்கை?

எத்தனை நாளாக நோய்? எப்படித் தொடங்கியது?

காய்ச்சல் உண்டா? நாடி எப்படி? பலம் இருக்கிறதா? நாள் முழுதும் படுக்கையா, எழுந்து நடக்கிறாரா?

வலி உண்டா? எந்த இடத்தில்?

தாகம், வாய் ருசி, பசி எப்படி? வாந்தி உண்டா?

மலம், சிறுநீர், வியர்வை, சளி, இருமல், தூக்கம் எப்படி?

பெண்ணானால் மாதவிலக்கு சரியாக வருகிறதா? கர்ப்பமா? குழந்தையானால் பல் முளைக்கிறதா? பூச்சித் தொல்லை உண்டா? அம்மை கண்டதா?

இதுவரை என்ன மருந்து கொடுத்தார்கள்? அதனால் என்ன ஆயிற்று?

பார்த்தீர்களா! 1761இல் எழுதிய கேள்விகள். இன்று கிளினிக்கில் கேட்பதும் ஏறக்குறைய இதுதான். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் வந்த பிறகும், எந்தப் பரிசோதனை செய்வது என்று டாக்டர் முடிவு செய்வது நம் வாய்ச்சொல்லை வைத்துத்தான். நாம் "நெஞ்சு அடைக்குது" என்று சொன்னால் இதயத்தைப் பார்ப்பார். "ஒடம்பு வலி" என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரைதான் கிடைக்கும்.

பேச்சு போனவர் எழுதிய சீட்டு

கடித வைத்தியத்தின் பலத்தையும் பலவீனத்தையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் பார்க்கலாம். ஆங்கில அகராதி தொகுத்துப் புகழ் பெற்ற சாமுவேல் ஜான்சன் லண்டனில் வாழ்ந்தார். 1783ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி, விடியுமுன் விழித்தவருக்குப் பேச்சு வரவில்லை. அப்போது அவருக்கு 73 வயது. புத்தி தெளிவாக இருந்தது, நாக்குதான் எழவில்லை. எழுத உட்கார்ந்தால் கை தப்புத் தப்பாக எழுத்துப் போட்டது. அப்படியும் விடாமல் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சீட்டு எழுதி, டாக்டரை அழைத்து வரச் செய்தார். சில நாளில் பேச்சு திரும்பியது.

இதை நாம் இன்று பக்கவாதம், ஸ்ட்ரோக் என்கிறோம். அன்றைய டாக்டர்கள் அவர் தோலில் கொப்புளம் எழுப்பும் மருந்தைத் தடவினார்கள். அவ்வளவுதான் அவர்களால் முடிந்தது. இன்று அப்படி இல்லை. இரத்தக் கட்டியால் வந்த பக்கவாதமாக இருந்தால், அதைக் கரைக்கும் ஊசி உண்டு. ஆனால் நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை திடீரென்று தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, "காத்து பட்டிருக்கும், எண்ணெய் தேய்ச்சா சரியாயிடும்" என்று இருக்காதீர்கள். 999க்கு அழையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

மறு ஆண்டு ஜான்சனுக்கு மூச்சுத் திணறலும், உடம்பில் நீர் கோத்த வீக்கமும் வந்தன. எடின்பரோவில் இருந்த அவருடைய நண்பர் பாஸ்வெல், 1784 மார்ச் மாதம் அங்குள்ள பெரிய டாக்டர்களுக்கு இவருடைய நிலையை விவரித்துக் கடிதம் எழுதினார். அவர்களில் ஒருவர் நம் கல்லன். எல்லாரும் அக்கறையோடு பதில் எழுதினார்கள். ஆனாலும் அதே ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி ஜான்சன் காலமானார். பிறகு உடலைத் திறந்து பார்த்தபோதுதான் அவருடைய இதயமும் நுரையீரலும் எந்த நிலையில் இருந்தன என்பது தெரிந்தது. எவ்வளவு நல்ல கடிதமானாலும் நெஞ்சுக்குள் இருப்பதைக் காட்டாது.

கடிதத்தின் ஆபத்து

கடிதம் போய்ச் சேர நாளாகும். பதில் வர நாளாகும். அதற்குள் நோய் முற்றிவிடும். சில நேரம் பதில் வரும்போது நோயாளியே இருக்க மாட்டார். அட்டை விட்டும் நரம்பைக் கீறியும் இரத்தம் எடுக்கச் சொல்லும் பழக்கமும் அன்று இருந்தது. அது பெரும்பாலான நோய்க்குக் கெடுதலே செய்யும் என்று இன்று நமக்குத் தெரியும்.

இன்று நாம் கடிதம் எழுதுவதில்லை. ஆனால் கையில் போன் இருக்கிறது. காலில் புண்ணைப் படம் பிடித்து அண்ணன் மகளுக்கு அனுப்புகிறோம். யாரோ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டு மாத்திரையை நிறுத்துகிறோம். இதுவும் தூர வைத்தியம்தான். ஒரு வித்தியாசம்: திஸ்ஸோவும் கல்லனும் படித்த டாக்டர்கள். நமக்குச் செய்தி அனுப்பியவர் யார் என்று நமக்கே தெரியாது. இனிப்புநீர் உள்ளவருக்குக் காலில் புண் வந்தால் படம் அனுப்பிக் காத்திருக்கக் கூடாது. அன்றே கிளினிக்குக் காலைக் கொண்டு போக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கிளினிக்குப் போகும் முதல் நாள் இரவு, பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக்கொள்ளுங்கள். நோய் என்று தொடங்கியது, எங்கே வலி, எப்போது அதிகம், சாப்பாடு, தூக்கம், மலம், சிறுநீர் எப்படி என்று எழுதுங்கள். எழுத வராத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். டாக்டருக்குத் தமிழ் தெரியாது என்றால் அதையே மலாயில் எழுதித் தரச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அது பெரிய வேலை இல்லை.

என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். பால்மரக் காட்டில் வெட்டுகிறவரா, செம்பனைக் குலை சுமக்கிறவரா, பூச்சிமருந்து அடிக்கிறவரா என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும். மருந்து அடிக்கிறவர் தலைசுற்றல், வாந்தி என்று போனால், எந்த மருந்து என்று டப்பாவில் உள்ள பெயரைக் குறித்துக்கொண்டு போங்கள்.

சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம், நாட்டு மருந்து உட்பட, பையில் போட்டு எடுத்துப் போங்கள். மாத்திரையை இடையில் விட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். "திட்டுவாங்களே" என்று பயந்து மறைத்தால், போதவில்லை என்று டாக்டர் மருந்தைக் கூட்டிவிடுவார். அது ஆபத்து.

தாய்மார்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெள்ளைப்படுதல், அதிக இரத்தப்போக்கு, மார்பில் கட்டி இவற்றைச் சொல்லக் கூச்சப்பட்டு ஆண்டுக் கணக்கில் அடக்கி வைப்பவர்கள் நம்மில் பலர். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். 250 ஆண்டுக்கு முன் பெயர் போடாமல் எழுதியவர்களுக்கும் அதே கூச்சம்தான் இருந்தது. ஆனாலும் அவர்கள் எழுதினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தால் மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அது ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் உங்களுக்காகப் பேசும் பேச்சு. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பக்கவாத அறிகுறி, நிற்காத இரத்தம், காய்ச்சலோடு கடும் வயிற்றுவலியும் ஓயாத வாந்தியும் என்றால் தாளும் வேண்டாம், போனும் வேண்டாம். உடனே ஆளைக் கொண்டு போய்ச் சேருங்கள்.

வைத்தியரிடமும் வக்கீலிடமும் மறைக்காதே என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். மறைக்காமல் இருந்தால் மட்டும் போதாது, மறக்காமலும் இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த ஒரு தாள். அடுத்த முறை கிளினிக்குக் கிளம்பும்போது பஸ் காசோடு அதையும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.